பத்துப் பதக்கம் யாருடையது? ஹென்றி ஷெஃப்லின் பற்றி ஒரு விவாதம்

வாசகர் கேட்டது:

அயர்லாந்தின் மட்டைப்பந்து விளையாட்டான ஹர்லிங் என்றாலே எல்லோரும் ஹென்றி ஷெஃப்லின் பெயரைத்தான் சொல்கிறார்கள். கவுண்டி (மாவட்ட) அணிகளுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பில் பத்து ஆல்-அயர்லாந்து பதக்கம், சரி. ஆனால் பிரையன் கோடி பயிற்சியாளராக இருந்த கில்கெனி அணியில் யார் நின்றிருந்தாலும் பாதியாவது வாங்கியிருப்பார்கள் இல்லையா? ஜோ கேன்னிங் கால்வேயில் பிறந்தார், ஒன்றுதான் கிடைத்தது. கில்கெனியில் பிறந்திருந்தால் அவருக்குப் பன்னிரண்டு. ஆக, பதக்கத்தை வைத்து ஷெஃப்லினைத் தலைசிறந்தவர் என்பது பிறந்த ஊருக்குக் கொடுக்கும் பரிசு.

மார்ச் 3, இரவு

பாதி ஒப்புக்கொள்கிறேன். பதக்க எண்ணிக்கை மோசமான சாட்சி. அதை வைத்து ஷெஃப்லினைத் தூக்குபவர்களும் சரி, இறக்குபவர்களும் சரி, ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

கணக்கை முதலில் வைத்துவிடுவோம். ஷெஃப்லின் ஆடியது 1999 முதல் 2014 வரை 16 சீசன். அதில் 13 சீசன்களில் கில்கெனி இறுதிக்குப் போனது. வென்றவை 2000, 2002, 2003, 2006, 2007, 2008, 2009, 2011, 2012, 2014. தோற்றவை 1999, 2004, 2010. இறுதிக்கே போகாத ஆண்டுகள் மூன்றுதான். இப்படி ஒரு அணி எந்த விளையாட்டில் இருந்தாலும் அதில் யாரோ ஒருவர் கழுத்து நிறையப் பதக்கத்தோடு வெளியே வருவார், அதில் சந்தேகமில்லை. டி.ஜே. கேரி, டாமி வால்ஷ், ஜே.ஜே. டெலனி, எடி பிரென்னன், நோயல் ஹிக்கி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஜே.ஜே. டெலனிக்கு ஒன்பது. பின்வரிசைக்காரர் என்பதால் அவர் பெயரை யாரும் தலைப்பில் போடுவதில்லை, அது வேறு கதை.

ஆனால் "யார் நின்றிருந்தாலும்" என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கோடி யாரையும் சும்மா நிற்க விடுகிறவர் இல்லை. 2001 அரையிறுதியில் கால்வே கில்கெனியை உடம்பு பலத்தாலேயே தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு கோடி அணியைப் பிரித்துப் போட்டுக் கட்டினார். அழகாக ஆடத் தெரிந்தவன் மட்டும் போதாது, பந்து கையில் இல்லாதபோது எதிராளியின் மட்டையைத் தடுக்கிறவன் வேண்டும் என்றார். கோல் அடிக்கிற முன்வரிசைக்காரனே முதல் தற்காப்புக்காரனும் ஆக வேண்டும். அந்த வேலைக்கு ஷெஃப்லின்தான் அளவுகோலாக இருந்தார். அணி அவரை உருவாக்கியது உண்மை. அணியை அவரும் அதே அளவுக்கு உருவாக்கினார்.

வேகம் அவருடைய பலம் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் விட்டால் தன் அணியிலேயே பலருக்குப் பின்னால் வருவார். ஆனால் பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்குச் சற்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 4, காலை

விளையாட்டே தெரியாமல் படிக்கிறோம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு பக்கம் 15 பேர். கையில் ஆஷ் (ash) என்ற மரத்தில் செய்த ஹர்லி மட்டை. பந்தின் பெயர் ஸ்லிட்டர், ஏறக்குறைய ஹாக்கிப் பந்து அளவு, தோல் உறை. கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அது மூன்று புள்ளி. ஸ்கோரை 2-17 என்று எழுதினால் 2 கோல், 17 புள்ளி, மொத்தம் 23. பெரிய ஆட்டங்கள் 70 நிமிடம். யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆடுகிறவர், அடுத்த வாரம் வழக்கமான வேலைக்குப் போக வேண்டும். ஷெஃப்லின் பேங்க் ஆஃப் அயர்லாந்தில் வேலை பார்த்தார்.

கவுண்டி விட்டு கவுண்டி விலைக்கு வாங்குவதும் இல்லை. பிறந்த ஊர், வளர்ந்த கிளப், அதன் கவுண்டி. கேள்வி கேட்டவர் சொன்ன "பிறந்த ஊருக்குப் பரிசு" என்பது இந்த அர்த்தத்தில் எல்லா ஹர்லிங் வீரர்களுக்கும் பொருந்தும்.

மார்ச் 4, இரவு

அலுவலகத்தில் இருந்ததால் காலையில் முடிக்க முடியவில்லை. சாட்சியாக நான் வைப்பது 2012 இறுதி, அதாவது முதல் ஆட்டம், செப்டம்பர் 9.

அந்த ஆண்டுக்கு முன்கதை உண்டு. ஷெஃப்லினுக்கு வயது 33. தோள்பட்டைக் காயம், லீக் ஆட்டங்களில் இல்லை. ஜூலையில் லெய்ன்ஸ்டர் மாகாண இறுதியில் கால்வே கில்கெனியை 2-21க்கு 2-11 என்று கிழித்துப் போட்டது. பத்துப் புள்ளி வித்தியாசம். கோடியின் காலம் முடிந்தது என்று பேச்சு. அதே கால்வேதான் செப்டம்பரில் மறுபடி எதிரே. இடைவேளையில் கால்வே 1-9, கில்கெனி 0-7. கேன்னிங் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அபாரமான ஒரு கோல் அடித்திருந்தார்.

இரண்டாம் பாதியில் ஷெஃப்லின் நடு முன்வரிசைக்கு வந்தார். அப்புறம் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும், ஏனென்றால் கேமரா பந்தைத் தொடர்கிறது. கோல்காப்பாளர் அடிக்கும் உயரப் பந்துக்குக் கீழே போய் நிற்கிறார், பிடிக்கிறார், பிடிக்க முடியாவிட்டால் எதிராளியையும் பிடிக்க விடாமல் தட்டிவிடுகிறார், விழுந்த பந்தை இன்னொருவர் எடுக்கிறார், தப்பாட்டம் நடந்தால் அதற்குக் கிடைக்கும் ஃப்ரீயையும் (தடுப்பில்லாமல் அடிக்கும் வாய்ப்பு) அவரே வந்து அடிக்கிறார். ஆட்டம் 0-23, 2-17 என்று சமனில் முடிந்தது. கில்கெனியின் 23 புள்ளியில் 12 ஷெஃப்லினுடையது. கில்கெனி அன்று ஒரு கோல்கூட அடிக்கவில்லை. "யார் நின்றிருந்தாலும்" என்ற வாதம் அந்த ஒரு மதியத்தில் உடைந்துவிடுகிறது. அன்று அவர் இல்லாவிட்டால் மறு ஆட்டமே இல்லை, 1959க்குப் பிறகு முதன்முறையாக மறு ஆட்டத்துக்குப் போன இறுதி அது.

செப்டம்பர் 30இல் நடந்த மறு ஆட்டத்தில் கில்கெனி 3-22க்கு 3-11 என்று எளிதாக வென்றது. சீனியர் சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டம் ஆடிய வால்டர் வால்ஷ் 1-3 அடித்து எல்லோர் கண்ணையும் கவர்ந்தார். ஷெஃப்லினுக்கு ஒன்பதாவது பதக்கம். அந்த ஆண்டின் சிறந்த ஹர்லர் விருதும் கிடைத்தது. 2002, 2006க்குப் பிறகு மூன்றாவது முறை. அதுவரை மூன்று முறை வாங்கியவர் எவரும் இல்லை.

மார்ச் 5

பெனால்டியை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

அதே 2012 முதல் ஆட்டம். கடைசிச் சில நிமிடங்கள், ஸ்கோர் சமன், கில்கெனிக்குப் பெனால்டி. அன்றைய விதிப்படி கோல் கோட்டில் மூன்று பேர் நின்று தடுக்கலாம். ஷெஃப்லின் பந்தை அமைதியாகக் குறுக்குக் கம்பிக்கு மேலே தட்டி ஒரு புள்ளி எடுத்துக்கொண்டார். கோல் போயிருந்தால் கோப்பை அன்றே வந்திருக்கும் என்று இன்னமும் கில்கெனி டீக்கடைகளில், மன்னிக்கவும், மதுக்கடைகளில் பேசுகிறார்கள். கடைசியில் கேன்னிங் ஒரு ஃப்ரீயைத் தவறவிட்டு, உடனே கிடைத்த இன்னொன்றை அடித்துச் சமன் செய்தார்.

இதை 2009 இறுதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிப்பரேரி முன்னணியில் இருக்கிறது, 63வது நிமிடம், கில்கெனிக்குப் பெனால்டி. அது கொடுக்கப்பட்டது சரியா என்று டிப்பரேரிக்காரர்களிடம் கேட்காதீர்கள், பேச்சு விடிய விடிய ஓடும். அன்று ஷெஃப்லின் நேராகக் கோலுக்கே அடித்தார், போனது. உடனே மாற்று வீரராக வந்திருந்த மார்ட்டின் கோமர்ஃபோர்ட் இன்னொரு கோல். 2-22க்கு 0-23, நான்காவது தொடர் கோப்பை. கார்க் 1941 முதல் 1944 வரை செய்ததற்குச் சமம்.

பின்தங்கியபோது கோல், சமனில் இருந்தபோது புள்ளி. மூன்று பேர் நிற்கும் கோட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

மார்ச் 6

"ஒன்பது பதக்கம் முதலில் வாங்கியவர் ஷெஃப்லின் இல்லை, நோயல் ஸ்கெஹன்" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். எண்ணிக்கை சரி, ஒப்பீடு சரியில்லை. கில்கெனி கோல்காப்பாளர் ஸ்கெஹனிடம் ஒன்பது உண்டு. ஆனால் அதில் மூன்று, 1963, 1967, 1969, களம் இறங்காத மாற்று வீரராகக் கிடைத்தவை. அதனால்தான் ஷெஃப்லினைப் பற்றி எழுதும்போது "களத்தில் ஆடி வென்ற" என்று சேர்த்து எழுதுவார்கள். களத்தில் ஆடி எட்டு என்ற பழைய எல்லையில் கார்க்கின் கிறிஸ்டி ரிங்கும் டிப்பரேரியின் ஜான் டாயிலும் நின்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஷெஃப்லினும் இளவயதில் மாற்றுக் கோல்காப்பாளராக உட்கார்ந்திருந்தவர்தான். யாராவது அவரை அங்கேயே விட்டிருந்தால் இந்த விவாதமே இருந்திருக்காது.

மார்ச் 7, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. ஃப்ரீ பற்றி ஒருவர் எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. "565 புள்ளி என்கிறீர்கள், அதில் பெரும் பங்கு ஃப்ரீ. நின்ற பந்தை அடிப்பது பெரிய விஷயமா?"

ஷெஃப்லினின் மொத்தக் கணக்கு இது: 71 சாம்பியன்ஷிப் ஆட்டம், 27-484, அதாவது 565. 2010இல் எடி கெஹரின் சாதனையைத் தாண்டினார். கெஹரும் கில்கெனிதான், 1959 முதல் 1977 வரை, 50 ஆட்டத்தில் 35-336, அதாவது 441. வகுத்துப் பாருங்கள். கெஹருக்கு ஆட்டத்துக்கு 8.8, ஷெஃப்லினுக்கு 8க்குக் கொஞ்சம் கீழே. சராசரி என்று வந்தால் கெஹர் மேலே. கில்கெனியில் வயதானவர்கள் ஷெஃப்லினைப் புகழ்ந்துவிட்டு கடைசியில் "ஆனா கெஹர்..." என்று இழுப்பார்கள், அதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் 2021இல் கேன்னிங் ஷெஃப்லினை முந்தினார், முந்திய அந்த ஆட்டத்தோடே ஓய்வும் பெற்றார். பிறகு கார்க்கின் பாட்ரிக் ஹோர்கனும், ஷெஃப்லினின் சொந்த கிளப்காரரான டி.ஜே. ரீடும் தாண்டிவிட்டார்கள். இப்போதெல்லாம் மாகாணப் போட்டியே லீக் முறையில் நடக்கிறது, ஆட்டங்கள் கூடிவிட்டன. மொத்தப் புள்ளி சாதனைகள் இனி அடிக்கடி உடையும்.

நின்ற பந்து பற்றி. நான் கிளப் மைதானத்தில் காலியான திடலில் அடித்துப் பார்த்திருக்கிறேன். 40 மீட்டர், யாரும் தடுக்கவில்லை, காற்றும் இல்லை. மட்டையின் நுனியால் பந்தைத் தரையிலிருந்து தூக்கி, விழுவதற்குள் அடிக்க வேண்டும். பந்து எனக்குப் பக்கத்திலேயே விழுந்தது, ஒரு சிறுவன் சிரித்தான். சரி, நான் அளவுகோல் இல்லை. ஆனாலும் 65வது நிமிடத்தில், பத்து முறை இடித்துத் தள்ளப்பட்ட பிறகு, மூச்சு வாங்கும்போது, எண்பதாயிரம் பேர் ஊளையிட அதைச் செய்வது "நின்ற பந்து" ஆகாது. எதிரணி தப்பாட்டம் ஆடத் தயங்குவதே அவர் அடித்துவிடுவார் என்ற பயத்தால்தான். அந்தத் தயக்கத்தில் மற்ற முன்வரிசைக்காரர்களுக்குக் கிடைத்த இடம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

மார்ச் 9

ரிங்கோடு ஒப்பிடச் சொல்லி மூன்று பேர். இதைத் தவிர்க்கத்தான் நினைத்தேன், கார்க்காரர்கள் கோபக்காரர்கள்.

கிறிஸ்டி ரிங், க்ளாய்ன் ஊர், 1920இல் பிறந்தவர். 1939இல் கார்க் சீனியர் அணிக்கு வந்து 1960கள் வரை ஆடினார். 64 சாம்பியன்ஷிப் ஆட்டம், 33-208. மாகாணங்களுக்கு இடையிலான ரயில்வே கோப்பையில் 18 பதக்கம், அதை யாரும் நெருங்கப் போவதில்லை, அந்தப் போட்டியே மங்கிவிட்டது. பிழைப்புக்கு எண்ணெய் லாரி ஓட்டினார்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ரிங் இருபதுக்கும் மேற்பட்ட சீசன்களில் 64 ஆட்டம், ஷெஃப்லின் 16 சீசனில் 71. காரணம், ரிங் காலத்தில் ஒரு தோல்வி என்றால் அந்த ஆண்டு முடிந்தது. மன்ஸ்டர் மாகாணத்தில் மே மாதமோ ஜூனோ தோற்றால் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். 1997இல்தான் மாகாண இறுதியில் தோற்றவர்களுக்கும் மறுவாய்ப்பு என்ற பின்வாசல் திறந்தது.

இப்போது மார்ச் 4 இரவு எழுதியதை மறுபடி படியுங்கள். 2012இல் லெய்ன்ஸ்டர் இறுதியில் கில்கெனி தோற்றது. ரிங் காலத்து விதிப்படி ஷெஃப்லினின் ஆண்டு அந்த ஜூலையிலேயே முடிந்திருக்கும். பின்வாசல் வழியாக லிமெரிக்கை வென்று, அரையிறுதியில் டிப்பரேரியை நொறுக்கி, இறுதிக்கு வந்தார்கள். ரிங்கின் எட்டைத் தாண்டிய அந்த ஒன்பதாவது பதக்கமே ரிங்குக்குக் கிடைக்காத ஒரு வழியில் வந்தது. பதக்க எண்ணிக்கை மோசமான சாட்சி என்று நான் முதல் நாள் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தப் பதக்கத்தை வாங்கித் தந்த ஆட்டம்தான் அவருடைய ஆகச் சிறந்த ஆட்டம் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருக்கிறது, என்ன செய்வது.

ரிங் பற்றி எனக்குப் பிடித்தது வென்ற ஆண்டு இல்லை, தோற்ற ஆண்டு. 1956 இறுதி, வெக்ஸ்ஃபோர்டுக்கு எதிராக. ஒன்பதாவது பதக்கத்துக்கு அருகில் வந்து நின்றார். கடைசி நேரத்தில் ரிங் அடித்ததை வெக்ஸ்ஃபோர்ட் கோல்காப்பாளர் ஆர்ட் ஃபோலி தடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் வென்ற அணிக்காரர்களான நிக் ஓ'டானலும் பாபி ராக்கர்டும் ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோற்ற எதிராளியை.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

ரிங் இறந்தது 1979 மார்ச் 2. ஷெஃப்லின் பிறந்தது அதே ஆண்டு ஜனவரி 11. ஏழு வாரம் இருவரும் ஒரே நாட்டில் உயிரோடு இருந்தார்கள். மறுபிறவிக் கதை கிளப்ப நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்.

மார்ச் 12

முழங்கால் கதை கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதிகம் எழுதத் தோன்றுவது இதைப் பற்றித்தான்.

2007 இறுதி, லிமெரிக்குக்கு எதிராக. ஷெஃப்லின்தான் கேப்டன். தொடக்கத்திலேயே கோல் அடித்தார், முதல் பாதியிலேயே முழங்கால் தசைநார் அறுந்தது, இடைவேளைக்குப் பிறகு வரவில்லை. கோப்பையை நொண்டிக்கொண்டு போய் வாங்கினார். அடுத்த கோடையில் திரும்பி வந்தார். அதற்கு முன்பு 2004இல் கிளேர் அணியோடு ஆடியபோது கண்ணில் பலத்த அடி, அதற்கும் அரையிறுதிக்குள் திரும்பினார். முகக் கம்பியோடு கூடிய தலைக்கவசம் கட்டாயம் ஆனது 2010இல்தான். அதுவரை சீனியர் வீரர்களில் பலர் வெறுந்தலையோடு அந்த மட்டைகளுக்கு நடுவே ஓடினார்கள் என்பதை இப்போது பழைய படங்களில் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2010தான் விசித்திரம். ஐந்தாவது தொடர் கோப்பைக்கு முயற்சி. அதுவரை யாரும் செய்ததில்லை. கார்க்குக்கு எதிரான அரையிறுதியில் மறுபடியும் முழங்கால் தசைநார் போனது. இறுதிக்கு நான்கே வாரம். மருத்துவப்படி அது பல மாத வேலை. லிமெரிக்கில் ஜெர் ஹார்ட்மன் என்ற பெயர்பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போனார். அதே நிலையில் இருந்த ஜான் டென்னிசனும் போனார். கில்கெனியின் சொந்த மைதானமான நோலன் பார்க்கில் ஷெஃப்லின் பயிற்சிக்கு வருகிறார் என்று தெரிந்து ஆயிரக்கணக்கானோர் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டத்தை அல்ல, பயிற்சியை! ஒரு மனிதனின் முழங்கால் மடங்குகிறதா என்று பார்க்க ஊரே திரண்டது.

இறுதியில் தொடக்க வரிசையிலேயே இறங்கினார். 13 நிமிடம். அவ்வளவுதான், வெளியே. டிப்பரேரி 4-17, கில்கெனி 1-18, லார் கார்பெட் மூன்று கோல். டென்னிசன் தாக்குப்பிடித்து ஆடினார்.

அது வீரமா முட்டாள்தனமா என்று கேட்டால், நான் நெடுநாள் முட்டாள்தனம் என்றே சொல்லி வந்தேன். கோடி மீதுதான் கோபம், ஒரு மாற்றத்தை வீணாக்கினார் என்று. இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. டிப்பரேரி அன்று இருந்த நிலையில் வேறு யாரை இறக்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று தோன்றவில்லை. சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, காலே போனாலும் திங்கட்கிழமைக்கு வங்கி வேலைதான். அப்படிப்பட்ட ஒருவரிடம் "நீ உட்கார்" என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு இறுதியில் அதே டிப்பரேரியை 2-17க்கு 1-16 என்று வென்றார்கள், ஷெஃப்லின் 7 புள்ளி.

மார்ச் 13

"நீங்கள் ஷெஃப்லினை நேரில் பார்த்ததுண்டா, யூடியூபா?" என்று ஒருவர். பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஆட்டம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2013 ஜூலை 6, சனிக்கிழமை மாலை, நோலன் பார்க், டிப்பரேரிக்கு எதிராகப் பின்வாசல் ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு. வெயில் கொளுத்திய கோடை, அயர்லாந்தில் அதுவே செய்தி. நின்று பார்க்கும் பகுதியில் இடம் கிடைத்தது. ஷெஃப்லின் காலில் எலும்பு விரிசலோடு அந்த சீசனின் முந்தைய ஆட்டங்களில் இல்லை. முதல் ஆட்டத்திலிருந்து அதுவரை ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக்கூட விடாதவர். இரண்டாம் பாதியில் அவர் எழுந்து பக்கவாட்டில் ஓடிப் பார்த்ததற்கே திடல் எழுந்தது. பந்து வேறு மூலையில் இருக்கிறது, டிப்பரேரிக்காரர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். கடைசிச் சில நிமிடங்களுக்கு உள்ளே வந்தபோது எழுந்த சத்தத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார், யார் என்றே தெரியாது. 0-20க்கு 1-14, கில்கெனி. அவர் உள்ளே வந்து செய்தது ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் டிப்பரேரி ஆட்டம் அந்த நிமிடத்தில் கலைந்ததை நான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து தர்லெஸில் கார்க்குக்கு எதிரான கால்இறுதியில் இடைவேளைக்கு முன்பே இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே. கில்கெனி தோற்றது. இரண்டாவது மஞ்சள் கடுமையான முடிவு என்று இன்னும் நினைக்கிறேன். கார்க்காரர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள், நினைக்கட்டும்.

மார்ச் 17

இன்று புனித பேட்ரிக் நாள். வெளியே ஊர்வலம், மழை.

இதே நாளில் 2015இல் குரோக் பார்க்கில் கிளப்களுக்கான ஆல்-அயர்லாந்து இறுதி. ஷெஃப்லினின் ஊர் கிளப்பான பாலிஹேல் ஷாம்ராக்ஸ் லிமெரிக்கின் கில்மல்லக்கை 1-18க்கு 1-6 என்று வென்றது. ஷெஃப்லினுக்கு மூன்றாவது கிளப் கோப்பை, முன்னது 2007, 2010. எட்டு நாள் கழித்து, மார்ச் 25, கில்கெனி நகரில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு கவுண்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்தார்.

பாலிஹேலை நான் பலமுறை கடந்து போயிருக்கிறேன், நான் இருக்கும் வாட்டர்ஃபோர்டிலிருந்து அரைமணிகூட ஆகாது. கண்ணை மூடித் திறந்தால் ஊர் முடிந்துவிடும். ஷெஃப்லின் குடும்பம் அங்கே மதுக்கடை நடத்தியது. கடைக்குப் பின்னால் ஒரு ஸ்குவாஷ் அறை. சகோதரர்கள் அதற்குள்தான் பந்தைச் சுவரில் அடித்து அடித்துக் கற்றார்கள். சுவர் தவறே செய்யாத ஜோடி, எப்படிக் கொடுத்தாலும் உடனே திருப்பித் தரும். கை வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அந்த அறைதான் பதில்.

2014 பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். பத்தாவது பதக்க ஆண்டில் அவர் பெரும்பாலும் பெஞ்சில். இறுதி சமன், 3-22க்கு 1-28, கடைசி நொடி டிப்பரேரி ஃப்ரீயை ஹாக்-ஐ தொழில்நுட்பம் வெளியே என்றது. மறு ஆட்டம் 2-17க்கு 2-14. மாற்று வீரராகக் கொஞ்ச நேரம் வந்தார். பத்தில் இது மிக மெல்லிய பதக்கம். கேள்வி கேட்டவர் இதைச் சொல்லித் தாக்கியிருக்கலாம், ஏனோ விட்டுவிட்டார்.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "சரி, 2012 ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேன்னிங்?"

கேன்னிங்கின் மணிக்கட்டு ஷெஃப்லினிடம் இல்லை. 2017 அரையிறுதியில் டிப்பரேரிக்கு எதிராக, கடைசியில், பக்கவாட்டுக் கோட்டருகே இருந்து அடித்த அந்தப் புள்ளி, அதை எல்லாம் நான் ஷெஃப்லினிடமிருந்து எதிர்பார்க்க மாட்டேன். திறமை மட்டும் போட்டி என்றால் நான் கேன்னிங் பக்கம். கிளப் அளவில் இருவரும் மோதினார்கள் என்பதை மறக்காதீர்கள். கேன்னிங்கின் போர்ட்டும்னா 2009 அரையிறுதியில் பாலிஹேலைத் துவைத்தது, 2010 இறுதியில் பாலிஹேல் திருப்பிக் கொடுத்தது. அங்கே கோடியும் இல்லை, கவுண்டியும் இல்லை, கிட்டத்தட்ட சமமான இரண்டு ஊர்கள். அந்தத் தராசில் இருவரும் ஏறக்குறைய ஒரே எடை.

ஆனால் கேன்னிங்குக்குக் கில்கெனியில் பன்னிரண்டு என்பது கற்பனை. 2001க்குப் பிறகு கோடி கேட்ட வேலை பந்து இல்லாத வேலை. கேன்னிங் அதைச் செய்திருப்பார் என்று நீங்கள் நம்பலாம், செய்திருக்க மாட்டார் என்று நானும் நிரூபிக்க முடியாது. ஷெஃப்லின் 16 ஆண்டு செய்தார். 11 ஆல்-ஸ்டார் விருது, அதில் 2002 முதல் 2009 வரை இடைவெளியே இல்லாமல் எட்டு. ஆல்-ஸ்டார் தனி ஆளுக்குக் கொடுப்பது, அணிக்கு அல்ல. பதக்கத்துக்குப் பதில் அதை வைத்து வாதாடியிருந்தால் இந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும்.

கடைசியில் கேன்னிங்கின் ஊருக்கே ஷெஃப்லின் பயிற்சியாளராகப் போனார், 2021 முதல் 2024 வரை கால்வே. 2022இல் சால்ட்ஹில்லில் கில்கெனியை வென்றதும் கோடிக்கும் அவருக்கும் நடந்த அந்த வேகமான, இறுக்கமான கைகுலுக்கலை அயர்லாந்து முழுக்க நாள்கணக்கில் அலசினார்கள். கால்வேக்குக் கோப்பை வாங்கித் தர முடியவில்லை. ஆடுவது வேறு, ஆட வைப்பது வேறு என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றால், பாலிஹேலை 2019, 2020 இரண்டு ஆண்டும் கிளப் கோப்பைக்கு அழைத்துப் போனவரும் அவரே.

மார்ச் 23

எந்த ஆட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டிருக்கிறார். 2009 இறுதியை முழுதாகப் பாருங்கள், அது ஆட்டமாகவே உயரம். அடுத்து 2012 முதல் ஆட்டம், இரண்டாம் பாதி மட்டும் போதும், பந்தை விட்டுவிட்டு ஷெஃப்லின் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். 2008 இறுதி, கில்கெனி 3-30, வாட்டர்ஃபோர்ட் 1-13, அந்த அணியின் உச்சம் என்பார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் வாட்டர்ஃபோர்ட்காரர்கள், இந்தப் பக்கத்தைப் பார்த்தால் நாளைக்கு எனக்குத் தேநீர் வராது.

2010ஐ வேண்டுமானால் 13 நிமிடத்தில் நிறுத்திவிடலாம். டிப்பரேரிக்காரராக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.